உப்பு தப்பிய நோன்புக் கஞ்சி

நான் நடத்திய கிளினிக்கை இப்போது நடத்தும் டாக்டரம்மா சென்ற மாதம் போன் செய்தார். நோயாளிகள் மாத்திரையின் பக்கவிளைவுகளை எல்லாம் போனில் படித்துவிட்டு வருகிறார்களாம். "எனக்கே பாடம் நடத்துறாங்க சார். இதால கை நடுங்குமாமே, எடை ஏறுமாமே, கிட்னி போகுமாமேன்னு. உங்க காலத்துல எப்படிச் சமாளிச்சீங்க?" என்றார்.

"என் காலத்துல யாரும் கேக்கலைம்மா. அதுதான் வம்பாப் போச்சு" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு, அப்படி என்ன வம்பு என்பதை எங்கள் மருத்துவச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றார். பெரிய சாதனைகள் என்னிடம் இல்லை. ஒரு கஞ்சி இருக்கிறது. அதைப் பற்றி எழுதுகிறேன்.

மனநல மருத்துவராக என் உழைப்பின் பெரும்பகுதி அருப்புக்கோட்டையில், பாளையம்பட்டி போகும் சாலையில், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியில் கழிந்தது. அந்த மாடியைத் தேர்ந்ததில் ஒரு தந்திரம் இருந்தது. படியேறுகிறவர்கள் கண்ணாடி வாங்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். மனச்சோர்வுக்காக வந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, அடிக்கடி வருவதை யாரும் சந்தேகிக்கக் கூடாது என்று, பவர் இல்லாத கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார். சோர்வு போய்விட்டது. கண்ணாடி போகவில்லை. பழகிவிட்டதாம்.

மதுரையில் மேற்படிப்புப் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தூங்காமல் படித்தோம், தேர்வு எழுதினோம். ஆனால் எங்கள் பேராசிரியை மருந்துச் சீட்டு எழுதும் விதத்தைச் சொல்ல வேண்டும். ஒல்லியான அம்மாள், குரலை உயர்த்தவே மாட்டார். நோயாளியிடம் பேசி முடித்து, எந்த மருந்து என்று முடிவு செய்த பிறகு, பேனாவை மூடி மேஜையில் வைத்துவிடுவார். மேஜை இழுப்பறையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்துக் கொடுத்து, "கோத்துக் காட்டுங்க" என்பார். இரண்டு டம்ளர் கொடுத்து, தண்ணீரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றச் சொல்வார். மருந்துக்கு முன்னால் கை எப்படி இருந்தது என்பது தெரிந்தால்தானே, மருந்துக்குப் பின்னால் என்ன ஆனது என்று தெரியும்! பிறகு ஒரே கேள்வி: "எது முடியாமப் போனா உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்?" பதில் வந்த பிறகுதான் பேனா திறக்கும்.

ஒரு முறை தையற்காரர் ஒருவர், "ஊசி கோக்க முடியலைன்னாக்கூடப் பரவாயில்லைங்கம்மா, வீட்டுக்காரிகிட்ட ஏச்சு வாங்கும்போது தூக்கம் வந்துறக் கூடாது, அது பெரிய வில்லங்கமாயிரும்" என்றார். நாங்கள் சிரித்தோம். அம்மாள் சிரிக்கவில்லை. தூக்கம் தராத மருந்தாகத் தேடி எழுதினார்.

நானும் தொழிலைத் தொடங்கியபோது அப்படியேதான் செய்தேன். பந்தல்குடி லாரி ஓட்டுநர் ஒருவருக்குப் படபடப்பு. கேள்வியைக் கேட்டேன். "நைட்டு தூத்துக்குடிக்கு லோடு ஏத்தணும் சார். கண்ணு சொருகுனா நான் மட்டும் சாக மாட்டேன்" என்றார். எழுத நினைத்திருந்த மாத்திரையை மாற்றினேன். அவர் பல ஆண்டுகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஹாரன் அடித்துவிட்டுப் போவார். காதே அடைத்துவிடும்.

பிறகு கூட்டம் சேர்ந்தது. மாடிப்படி முழுக்க ஆட்கள். ஊசி எங்கோ தொலைந்தது. டம்ளர்களில் நானும், வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கும் உதவியாளர் மாரிச்சாமியும் டீ குடித்தோம். கேள்வியையும் விட்டேன். கெட்ட எண்ணத்தால் விடவில்லை. எனக்கே எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

அந்த நாட்களில்தான் சாகுல் பண்டாரி வந்தார்.

வீரசோழன் பக்கத்துச் சிற்றூர்க்காரர். கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்கும் சமையற்காரரைத்தான் இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் பண்டாரி என்பார்கள். சுற்றுவட்டாரத்தில் அவர் பெயர் சொன்னால் கல்யாணத்துக்குக் கூட்டம் கூடும். அவர் என்னிடம் வந்த விதமே ஒரு கதை. திடீரென்று தூக்கத்தை விட்டார். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து ஆடுகள் வாங்கினார். பெரிய அண்டாவை லோடு ஆட்டோவில் ஏற்றிப் பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்புக்கு வந்து, இறங்குகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகப் பிரியாணி போட்டார். டவுன் பஸ்ஸில் ஏறியவர்களும் இறங்கி வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கண்டக்டரும் சாப்பிட்டார்.

"ஊரே சாப்டுச்சு சார்" என்றார் அவர் மனைவி ரஹ்மத் பீவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "வியாதின்னு ஒருத்தரும் சொல்லலை. கறி நல்லா வெந்திருக்குன்னுதான் சொன்னாங்க."

அன்று இரவே வீட்டுக்குள் அடுப்பு மூட்டி, கூரையில் தீப் பிடித்தது. அக்கம்பக்கத்தார் அணைத்தார்கள். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் இதே மனிதர் சாப்பிடாமல், பேசாமல், கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தாராம். ரஹ்மத் பீவி அவரைத் தனியே விடாமல் கூடவே உட்கார்ந்திருந்தார். ஏறினால் தீ, இறங்கினால் கிணறு. மனம் இப்படி ஏறி இறங்கும் இருமுனை நோய்க்கு லித்தியம் பழைய, நல்ல மருந்து. கொடுத்தேன். அருமையாகக் கேட்டது. சில மாதங்களில் மனிதர் சமநிலைக்கு வந்தார், மறுபடி கல்யாணங்களுக்குப் போனார். ரஹ்மத் பீவி எனக்கு முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து இனிப்பாக வட்டிலப்பம் செய்து கொண்டுவந்தார். நான் என்னையே மெச்சிக்கொண்டேன்.

அப்படி மெச்சிக்கொண்டிருந்த ஒரு நாள் பண்டாரி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், நாக்குல எது வச்சாலும் இரும்புக் கரண்டிய நக்குன மாதிரியே இருக்கு. உப்புப் பாக்க முடியலை. கையும் லேசா ஆடுது."

அந்த மருந்துக்கு அப்படி நேர்வது உண்டு. எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தேன். "உயிரை விட ருசி பெரிசா பண்டாரி? பஸ் ஸ்டாப்பை மறந்துட்டீங்களா?" என்றேன். மாரிச்சாமியும் சிரித்தார். பண்டாரியும், மரியாதைக்காக, சிரித்தார். சீட்டை வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவர் எதையும் சொல்லவில்லை. "எப்படி இருக்கீங்க?" என்றால் "நல்லா இருக்கேன் சார்." அவ்வளவுதான். ஒரு சமையற்காரரின் நாக்கைப் பறித்துவிட்டு, அவர் குறை சொல்லாததை என் வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

நோன்பு நல்ல கோடையில் வந்த ஒரு வருடம். இந்தக் கரிசல் பூமியில் கோடை எப்படி இருக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சீமைக்கருவேலமும் வாடி நிற்கும். பண்டாரி வழக்கம்போல் ஊர்ப் பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சினார். லுஹர் என்னும் நண்பகல் தொழுகை முடிந்ததும் அடுப்பு மூட்டுவார்கள். நோன்பு திறக்கும் நேரத்துக்குள் ஊருக்கே கஞ்சி தயாராக வேண்டும். எனக்கும் ஒரு தூக்குவாளி தினமும் பஸ்ஸில் வந்துவிடும். கண்டக்டர் கண்ணாடிக் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். மாலை நேரத்தில் நானும் மாரிச்சாமியும் வடையைப் பிய்த்துப் போட்டுக் குடிப்போம். அந்தக் கஞ்சிக்காகவே அந்த மாதத்தில் நான் எந்த ஊருக்கும் போவதில்லை.

லித்தியமும் ஒரு வகை உப்புதான். உடம்பில் நீரும் சாதாரண உப்பும் குறைந்தால், சிறுநீரகம் இதை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். அளவு ஏறும், மருந்தே நஞ்சாகும். இதை மாணவர்களுக்கு நான் பாடமாகவே எடுத்திருக்கிறேன். ஆனால் அண்டா நெருப்பின் முன்னால் வியர்வை ஒழுக நிற்கிற ஒருவர், விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் நோன்பு வைப்பவர் என்று எனக்குத் தெரியாதா? நான் குடித்ததே நோன்புக் கஞ்சி.

நோன்பின் பிற்பகுதியில் ஒரு நாள் கஞ்சியில் உப்பே இல்லை. மறுநாள் வாயில் வைக்க முடியாத உப்பு.

"பண்டாரிக்கு என்னமோ ஞாபகம் எங்கயோ போகுது சார்" என்றார் மாரிச்சாமி.

"இந்த வயசுல காதலோ என்னமோ" என்றேன். தண்ணீர் ஊற்றிக் கலக்கி, இருவரும் குடித்து முடித்தோம்.

இன்று யோசித்தால் அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. நோன்பு வைத்துக்கொண்டு காய்ச்சுகிறவர் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. கைக் கணக்குத்தான். ஆண்டுக் கணக்கில் தவறாத கைக் கணக்கு இரண்டு நாளாகத் தவறுகிறது என்றால், மூளை தடுமாறுகிறது என்று அர்த்தம். ரத்தப் பரிசோதனை முடிவு தூக்குவாளியில் என் மேஜைக்கே வந்தது. நான் அதற்கு வடை தொட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கஞ்சி வரவில்லை. ரஹ்மத் பீவியின் போன் வந்தது.

"சார், அவுக நடை சரியில்ல. பேச்சு கொளறுது. நோன்பு நேரத்துல குடிச்சுட்டு நிக்காகன்னு ஆளாளுக்குப் பேசுறாங்க சார். எங்களுக்கு இனிமே ஊர்ல என்ன மரியாதை இருக்கு?"

எனக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. காத்திருந்தவர்களை மறுநாள் வரச் சொல்லிவிட்டு, மாரிச்சாமியோடு காரில் ஏறினேன்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் கஞ்சிக் கொட்டகை. அண்டாவை யாரோ இறக்கி வைத்திருந்தார்கள். பண்டாரி விறகுக் கட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாந்தி எடுத்திருந்தார். கை லேசாக அல்ல, கிளை ஆடுவதுபோல ஆடியது. பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜரத் பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். சுற்றி ஒரு கூட்டம்.

"ஏலே, டாக்டரு வந்துட்டாரு, வழி விடு" என்றது ஒரு குரல். "டாக்டரு எதுக்கு? மோந்து பாத்தாலே தெரிஞ்சிரும்" என்றது இன்னொன்று.

பண்டாரி என்னைப் பார்த்ததும் சொல்ல முயன்றது, "நோம்ப முறிக்கலை சார்" என்பதுதான்.

"முதல்ல தண்ணி குடிங்க" என்றேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார். வாயை இறுக்கிக்கொண்டார். சூரியன் இன்னும் மறையவில்லை. அத்தனை பேர் முன்னால் அவர் குடிக்க மாட்டார் என்று தெரிந்தது. நான் ஹஜரத்தைப் பார்த்தேன். அவர் எழுந்து போய்த் தானே டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்தார்.

"உசுரு போற வியாதிக்காரனுக்கு நோன்பு இல்லை சாகுலு. நான் சொல்றேன். பாவமா இருந்தா அல்லா எங்கிட்ட கேக்கட்டும். பிஸ்மி சொல்லிக் குடி."

பண்டாரி குடித்தார். பாதி சட்டையில் கொட்டியது.

அவரைக் காரில் ஏற்றும்போது நான் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தேன். அப்படியே போயிருக்கலாம். யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. ஆனால் "மோந்து பாத்தாலே" என்ற குரல் காதில் இருந்தது. சொன்னேன்: "இவர் குடிக்கலை. நான் கொடுத்த மாத்திரை உடம்புல ஏறிப் போச்சு. இவர் நோன்பு வைக்கிறாரா, தண்ணி குடிக்கிறாரான்னு நான் கேட்டிருக்கணும். கேக்கலை. தப்பு என்னோடது."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெரியவர் கவலையோடு கேட்டார்: "அப்ப நாங்க குடிச்ச கஞ்சில ஒண்ணும் இல்லையே டாக்டரு?"

மதுரையில் மாத்திரையை நிறுத்தி, ரத்தம் பார்த்து, சலைன் ஏற்றினார்கள். அளவு மிகவும் ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நடையோ உயிரோ திரும்பியிருக்காது. பெருநாளுக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று குறை சொன்னாராம். ரஹ்மத் பீவி போனில் அதைச் சொல்லும்போது அழுதார். நாக்கு திரும்பிவிட்டது!

அவரிடம் தனியே கேட்டேன், நோன்பு வைப்பதை ஏன் சொல்லவில்லை என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டார். ரஹ்மத் பீவிதான் பதில் சொன்னார். "நாக்கு விசயத்தச் சொன்னப்பவே நீங்க சிரிச்சிட்டீக. நோன்பச் சொன்னா விட்டுருன்னு சொல்லுவீகன்னு பயந்துக்கிட்டு மறைச்சாக. என்னையும் சொல்லக் கூடாதுன்னாக."

அடுத்த முறை அவர்கள் கிளினிக்குக்கு வந்தபோது நான் மாரிச்சாமியை அனுப்பி ஊசியும் நூலும் வாங்கிவரச் சொன்னேன். பேனாவை மூடி மேஜையில் வைத்தேன். பேராசிரியை அம்மாளின் கேள்வியைக் கேட்டேன்.

பண்டாரி உடனே சொன்னார்: "மாத்திரையே வேணாம் சார். இப்ப நாக்கு நல்லா இருக்கு."

"ஆமா, நாக்கு நல்லா இருக்கும்" என்றார் ரஹ்மத் பீவி. "கிணத்தடியில உங்களுக்குக் காவலா உக்காந்தது நானு. பஸ் ஸ்டாப்ப மறந்துட்டீகளா?"

"எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னுதானே சொன்னாங்க?"

"நெருப்பு வச்ச கூரையும் நல்லா இருந்துச்சுன்னாங்களா?"

நான் குறுக்கிடவில்லை. இருவரும் ஓய்ந்த பிறகு இருந்ததை இருந்தபடி சொன்னேன். மாத்திரையே இல்லாமல் இருந்தால் நோய் திரும்ப வர வாய்ப்பு அதிகம். இன்னொரு மாத்திரை இருக்கிறது. அதைச் சாப்பிட்டுக்கொண்டு நோன்பு வைப்பது இதைவிடச் சுலபம். ஆனால் எடை ஏறலாம், முடி கொட்டலாம், கல்லீரலைக் கவனிக்க வேண்டும். உங்களுக்கு இதுபோல் கேட்குமா என்று உறுதி சொல்ல முடியாது. பழைய மாத்திரை கேட்கும் என்று தெரியும். குறைந்த அளவில் கொடுக்கலாம். நாக்கில் இரும்பு கொஞ்சம் இருக்கும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ரத்தம் பார்க்க வேண்டும், வெயில் தொடங்கும்போது கட்டாயம். நோன்பு வைக்க முடியாது.

"முடி கொட்டுனாப் பரவாயில்ல, தொப்பி இருக்கு" என்றார் பண்டாரி. பிறகு மேஜையில் இருந்த ஊசியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் வெளியே காத்திருந்த கூட்டத்தைப் பற்றி நினைக்கவில்லை. கடைசியில் மனைவியைப் பார்த்துக் கேட்டார்: "நீ என்ன சொல்ற?"

"தூங்குற மனுசன் வேணும்" என்றார் ரஹ்மத் பீவி. "அம்புட்டுத்தான்."

ஹஜரத்திடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். நோன்புக்குப் பதிலாக ஏழை ஒருவருக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்றாராம் ஹஜரத். பண்டாரி பழைய மாத்திரையையே, குறைந்த அளவில், எடுத்துக்கொண்டார். ஊசியில் நூல் கோத்துக் காட்டினார். என்னைவிட வேகமாகக் கோத்தார்.

நாக்குப் பிரச்சினைக்கு அவர் கண்ட வழி இன்றும் இந்தப் பக்கத்தில் பேசப்படுகிறது. கல்யாண வீட்டில் தம் போடுவதற்கு முன், பெண்ணைப் பெற்றவரை அழைத்து, மசாலாவில் ஒரு கரண்டி எடுத்து நீட்டி, "உப்புப் பாருங்க" என்பார். அவர் சொன்னபடி சரி செய்துகொண்டு மூடியை மூடுவார். பெண் வீட்டாருக்குப் பெருமை தாங்கவில்லை. சாகுல் பண்டாரி மரியாதை தெரிந்தவர் என்று பெயர் வந்துவிட்டது. இப்போது மற்றப் பண்டாரிகளும் அப்படிச் செய்தாக வேண்டியிருக்கிறது. ஒரு பெண்ணின் தகப்பனாருக்கு உப்பு பிடிக்காமல், அந்தக் கல்யாணம் மட்டும் சப்பென்று முடிந்தது. அதைப் பண்டாரியின் கணக்கில் யாரும் எழுதவில்லை.

அவர் பிழைத்ததால் இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது. கேள்வியை விட்டுவிட்ட ஆண்டுகளில் அந்த மாடிப்படி ஏறியவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. "நல்லா இருக்கேன் சார்" என்று சொல்லி இறங்கிப் போனவர்களில் யார் எதை இழந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சிலர் திரும்ப வரவே இல்லை. குணமாகிவிட்டது, அதனால் வரவில்லை என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. டாக்டரம்மாவுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: போனில் படித்துவிட்டு வந்து கேட்கிறார்களே, கேட்கட்டும். கேட்காமல் போகிறவரைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

எனக்கும் இப்போது ரத்தக் கொதிப்பு. உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். இந்த நோன்பில் பண்டாரி கஞ்சியை பஸ்ஸில் அனுப்பாமல் தானே என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டு தூக்குவாளிகள். மாரிச்சாமி எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்திருக்கிறார் என்று புரிந்தது.

"இது வீட்ல உள்ளவுகளுக்கு. இது உங்களுக்கு, உப்புப் போடாதது" என்று ஒன்றைத் திறந்து ஊற்றித் தந்தார். எதிரில் உட்கார்ந்து நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு சார்?"

"நல்லா இருக்கு பண்டாரி" என்றேன்.

அவர் அசையவில்லை. அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"சகிக்கலை" என்றேன்.

பண்டாரி வீடே அதிரச் சிரித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கொஞ்சம் உப்பு.

"இப்பச் சொல்லுங்க சார்" என்றார், இரண்டு விரலால் கிள்ளி எடுத்துக்கொண்டே. "உங்க டாக்டரு எம்புட்டு வரைக்கும் போடலாம்னாக?"